ஜெமினி சர்க்கிள் கதைகளுக்குக் காலம் குறிப்பது எப்படி?

வீட்டில் பழைய மெட்ராஸ்காரர் யாராவது இருந்தால், சென்னை அண்ணா சாலையில் இருக்கும் ஜெமினி சர்க்கிள் சந்திப்பைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. அதை எழுதி வைக்க உட்கார்ந்தால் ஒரு சிக்கல்: "அந்தக் காலத்துல" என்கிறார்களே, அது அறுபதா எண்பதா? ஆண்டைக் கேட்டுக் குடையாதீர்கள், குத்துமதிப்பாக ஏதாவது சொல்லிவிட்டு அதிலேயே நின்றுவிடுவார்கள். கதையில் என்னென்ன கட்டடம் வருகிறது, என்ன வரவில்லை என்று மட்டும் கவனியுங்கள்.

முதல் அளவுகோல் மேம்பாலம். சென்னையின் முதல் மேம்பாலமான அது 1973 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆக, வண்டிகள் ரவுண்டானாவைச் சுற்றிப் போன கதை என்றால் நிச்சயம் அதற்கு முந்தையது.

அடுத்து சஃபையர் தியேட்டர். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று. 1964-ல் வந்து தொண்ணூறுகளில் மூடப்பட்டது. சஃபையர் உண்டு, பாலம் இல்லை என்றால் 1964-க்கும் 1973-க்கும் நடுவில். இரண்டும் உண்டு என்றால் அதற்குப் பிறகு. புளூ டைமண்டில் காட்சிகள் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அதனால் கல்லூரிக்கு மட்டம் போட்டவர்கள் எல்லோரிடமும் அதைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்ன படம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஆண்டை மறந்தவர்கள்கூட படத்தை மறப்பதில்லை, படம் வந்த ஆண்டை நீங்களே தேடிக்கொள்ளலாம். பழைய படம் மறுபடி ஓடியிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் கொஞ்சம் உஷார்.

கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அவ்வளவு உதவாது. 1962 முதல் 2008 வரை இருந்ததால் எல்லாத் தலைமுறையும் அங்கே காரிலேயே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறது. கார் யாருடையது, பில் கட்டியது யார் என்று கேட்டால் ஏதாவது கிடைக்கும். அந்த இடத்தில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது.

குதிரையை அடக்கும் மனிதன் சிலை கதையில் வந்தால் அது பாலத்துக்கும் பிந்தைய காலம். 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம் அது. 1996-ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று சொல்லிவிட்டது, சிலை மட்டும் அசையவில்லை!

ஒரு எச்சரிக்கை. "ஜெமினில இறங்கினேன்" என்பதை வைத்துக் காலம் கணிக்காதீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான எஸ்.எஸ். வாசனின் ஜெமினி சினிமா ஸ்டுடியோ போய், அந்த இடத்தில் பார்க் ஹோட்டல் வந்துவிட்டது. பாலத்தின் பெயரும் அண்ணா மேம்பாலம். ஆனாலும் ஊர் வாயில் இன்றைக்கும் ஜெமினிதான்.

நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு காலை சீக்கிரம் போங்கள், மற்ற நேரத்தில் இரைச்சலில் ஃபோனில் பதிவு செய்வது வீண். 1969-லிருந்து அங்கே நிற்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம், காவலுக்கு நிற்பவர்கள் விசாரிக்க வந்தால் பாதிக் கதை அங்கேயே அறுந்துவிடும்.