தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சட்டை மாட்டுவது எப்படி?
தோளில் கிழிந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), சிறு துளைகள் வழியே செய்யும் சாவித்துளை அறுவைச் சிகிச்சையில் தைத்துவிட்டார்களா? வெளியே தெரிவது சில சிறு தழும்புகள்தான். உள்ளே தசைநாண் எலும்போடு ஒட்டிப்பிடிக்க ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். வலி குறைந்துவிட்டதே என்று கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டையைக் கழற்றி வீசாதீர்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை அது தேவைப்படும்.

முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டையே வசதி. மாட்டும்போது தைத்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். அக்குளைக் கழுவக் கையைத் தூக்க வேண்டாம். முக்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கை தானாகத் தொங்கி இடைவெளி கிடைக்கும்.

இரவுதான் பெரும்பாடு. மல்லாந்து படுத்தால் தோள் குடையும். முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.