விபத்து நடக்கும் முன்பே எண்ணுங்கள்: சின்ன சைட்டில் பாதுகாப்பை அளப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு சைட் இன்ஜினியராகப் போன முதல் நாள், வாசலில் பச்சை போர்டு ஒன்று இருந்தது: "விபத்தில்லா நாட்கள் 212". அன்றைக்கே மூன்றாவது மாடித் தரையில் ஒரு பிளைவுட் பலகை கிடப்பதைப் பார்த்தேன். ஆணி அடிக்கவில்லை, மேலே எதுவும் எழுதவும் இல்லை. தூக்கிப் பார்த்தால் அடியில் குழாய்கள் இறங்கும் பிளம்பிங் டக்ட், கீழ்த்தளம் வரை திறந்த ஓட்டை. சென்ட்ரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு அடைக்க, பலகை தேடி வருகிறவர் அதை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், பலகை மூடியிருந்த இடத்திலேயே கால் போகும். அவர் கண்ணுக்குப் பலகைதான் தெரியும், ஓட்டை தெரியாது.

போர்டில் இருந்த 212 பொய்யில்லை. ஆனால் அந்த ஓட்டையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அடிபட்ட பிறகு எண்ணுவதை விட்டு, அடிபடுவதற்கு முன்பே எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. 50 முதல் 100 பேர் வரை வேலை செய்யும் சைட்டை மனதில் வைத்து அதை எழுதுகிறேன். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 500 பேருக்குக் குறையாத இடங்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகாரியைக் கட்டாயமாக்கியது. சின்ன சைட்டில் அந்த வேலை இன்ஜினியர் தலையிலோ மேற்பார்வையாளர் தலையிலோதான் விழும். தேவையானவை ஓர் அட்டை, ஒரு பென்சில், வாரம் ஒரு மணி நேரம்.

படி 1: பழைய கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3786 சொல்லும் விபத்து வீதம் எளிதானது. வேலை நாள் இழக்க வைத்த விபத்துகளின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, எல்லோரும் சேர்ந்து உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். இழந்த நாட்களை வைத்து இதேபோல் தீவிர வீதமும் போடலாம். அதில் ஓர் உயிரிழப்பை 6,000 நாள் இழப்பாகக் கணக்கில் எடுப்பார்கள்.

60 பேர், நாளுக்கு 8 மணி, மாதம் 26 நாள் என்றால் 12,480 மணி நேரம். அந்த மாதம் ஒருவருக்கு அடிபட்டால் வீதம் 80. அடுத்த மாதம் யாருக்கும் அடிபடவில்லை என்றால் பூஜ்யம். சைட்டில் எதுவுமே மாறியிருக்காது, எண் மட்டும் 80க்கும் பூஜ்யத்துக்கும் தாவும். பெரிய நிறுவனத்தில் பல சைட்டுகளைச் சேர்த்துப் பார்க்க இந்த வீதம் உதவும். ஒரு சின்ன சைட்டை இந்த வாரம் எப்படி நடத்துவது என்று இது சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலில் ஆணி ஏறியவருக்கு ஊசி போட்டு, மறுநாள் ஷெட்டில் உட்கார வைத்து வருகைப் பதிவில் பெயரை எழுதிவிட்டால், அந்த விபத்து நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். வராத நாளுக்குக் கூலி இல்லை என்னும்போது அவரும் வாய் திறக்கமாட்டார். அதனால் இந்தக் கணக்கை விடாமல் எழுதி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சப்-காண்ட்ராக்ட் ஆட்களின் மணி நேரத்தையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 2: ஆறு வரிசை, இரண்டு கட்டம்

ஃபின்லாந்தில் 1990களில் தொழில்சார் சுகாதார ஆய்வாளர்களும் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர்களும் சேர்ந்து டி.ஆர். என்ற முறையை உருவாக்கினார்கள். அந்நாட்டுக் கட்டுமான இடங்களில் வாராந்தரச் சோதனைக்கு இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். சைட்டைச் சுற்றி நடக்க வேண்டும், கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் "சரி" அல்லது "தவறு" என்று ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் முறை.

அட்டையில் ஆறு வரிசை எழுதுங்கள்: ஆட்கள் வேலை செய்யும் விதம், சாரமும் ஏணியும், இயந்திரங்கள், விளிம்பும் ஓட்டையும், மின்சாரமும் வெளிச்சமும், தரையின் ஒழுங்கு. பக்கத்தில் "சரி", "தவறு" என்று இரண்டு கட்டம்.

படி 3: எண்ணுங்கள்

மேல் மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். எதிரே வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு. ஹெல்மெட், ஷூ, உயரத்தில் இருந்தால் கொக்கி மாட்டிய ஹார்னஸ் (விழாமல் உடம்பைப் பிடிக்கும் பட்டை) எல்லாம் இருந்தால் சரி, ஏதாவது ஒன்று குறைந்தாலும் தவறு. "பாதி சரி" என்று ஒரு கட்டம் கிடையாது. ஹார்னஸ் போட்டிருக்கிறார், கொக்கி மட்டும் தொங்குகிறது என்றால் அதுவும் தவறுதான்.

ஓட்டை என்றால் மூடி நகராமல் பொருத்தியிருக்க வேண்டும், "ஓட்டை" என்று பெயின்ட்டில் எழுதியிருக்க வேண்டும். திறந்த விளிம்பு என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் கம்பி, நடுவில் ஒன்று, கீழே பொருள் உருளாமல் தடுக்கப் பலகை. ஏணி என்றால் ஏறும் தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் நீண்டிருக்கிறதா, கட்டியிருக்கிறதா? சுவிட்ச் போர்டு என்றால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டிரிப் ஆக வேண்டும். பிளக் இல்லாமல் வெறும் வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், தவறு.

ஒரு சுற்றில் நூறு கோடாவது சேர வேண்டும். அதற்குக் குறைந்தால் எண் வாரத்துக்கு வாரம் காரணமில்லாமல் ஆடும். கூடவே ஒரு மேஸ்திரியை அழைத்துப் போங்கள், வாரம் ஒருவராக. அவர் கண்ணால் பார்த்துப் போட்ட கோட்டை அவர் மறுக்கமாட்டார்.

ஓர் இடத்தில் நான் தடுமாறியதைச் சொல்கிறேன். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து மாடியேறிய சித்தாள் அக்கா ஒருவர் ஹெல்மெட் போடவில்லை. தவறு என்று கோடு போட்டேன். "தம்பி, இதுமேல சும்மாடு எப்படி நிக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். வழவழப்பான ஹெல்மெட் மேல் சும்மாடும் நிற்காது, சட்டியும் நிற்காது. கோடு தவறு பக்கம்தான் இருக்க வேண்டும், தலைக்கு மேல் சாரம் நிற்கிறதே. ஆனால் அந்தத் தவறு அவருடையது இல்லை, கலவையைத் தலையில் ஏற்ற வைத்த எங்களுடையது. பொருளை மாடிக்கு ஏற்றும் மெட்டீரியல் ஹாய்ஸ்டை அந்தப் பக்கம் நகர்த்தி, தளத்தில் தள்ளுவண்டி கொடுத்த பிறகுதான் அந்தக் கோடு சரி பக்கம் வந்தது.

படி 4: வகுத்துப் பாருங்கள்

சரி கோடுகளை மொத்தக் கோடுகளால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: சரி 120, தவறு 60 என்றால் 67 சதவீதம். இதோடு நிறுத்திவிடாதீர்கள். வரிசை வரிசையாக வகுத்தால் ஆட்கள் வரிசையில் 38 சரி, 14 தவறு, அதாவது 73 சதவீதம் வரலாம். விளிம்பும் ஓட்டையும் வரிசையில் 12 சரி, 16 தவறு, வெறும் 43 சதவீதம். கட்டட வேலையில் அதிக உயிரைக் குடிப்பது உயரத்திலிருந்து விழுவதுதான். மொத்த எண் சுமாராகத் தெரிந்தாலும் இந்த 43தான் உங்களைத் தூங்கவிடக் கூடாது.

படி 5: ஒரே ஒரு வரிசையைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் போனால் எதுவும் நடக்காது. ஆனால் உடனே உயிருக்கு ஆபத்தான தவறுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே வேலையை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். மற்றவற்றில் மோசமான வரிசையை எடுத்து, ஒவ்வொரு தவறுக்கும் யார், எந்த நாளுக்குள் என்று எழுதுங்கள். அடுத்த சுற்றில் அவற்றில் எத்தனை முடிந்தன என்றும் எண்ணுங்கள். பாதிகூட முடியவில்லை என்றால் கோளாறு தொழிலாளியிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

எங்கள் சைட்டில் விளிம்புக் கம்பி ஏன் காணாமல் போகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்தேன். ஹாய்ஸ்டிலிருந்து கம்பிக் கட்டுகளை உள்ளே இழுக்க விளிம்புத் தடுப்பைக் கழற்றுகிறார்கள். முடித்த அளவுக்குத்தான் கூலி என்னும் அளவு வேலை என்பதால் திரும்பக் கட்டும் நேரம் அவர்களுக்குக் கூலி இல்லாத நேரம். திட்டிப் பயனில்லை. பொருள் இறக்கும் இடத்தில் மட்டும் கீல் வைத்த கதவு ஒன்றை வெல்டிங் செய்து போட்டோம். திறந்தால் தானாக மூடிக்கொள்ளும். மற்ற இடங்களில் கழற்றித் திரும்ப மாட்டும் நேரத்துக்கும் கூலி சேர்த்தோம்.

அபராதம் வேண்டாம். பிடித்தம் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆட்கள் உங்களைக் கண்டு ஹெல்மெட் மாட்டுவார்கள், நீங்கள் நகர்ந்ததும் கழற்றுவார்கள். உங்கள் எண் உயரும், ஆபத்து அப்படியே இருக்கும்.

அப்புறம் மொழி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் காலைக் கூட்டத்தைத் தமிழில் மட்டும் நடத்தினால், அந்தப் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவரையே அவர்கள் மொழியில் பேசச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷம், ஒரே விஷயம்.

படி 6: "தப்பியது" நோட்டு

மேலிருந்து செங்கல் விழுந்தது, யார் மேலும் படவில்லை. சாரப் பலகை புரண்டது, ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்படி நூலிழையில் தப்பியவற்றை எழுத ஒரு நோட்டைக் கங்காணி அறையில் கட்டித் தொங்கவிடுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும், செல்போனில் படம் எடுத்து அனுப்பட்டும். பெயர் கேட்காதீர்கள்.

முதல் சில வாரம் நோட்டு காலியாகவே இருக்கும். ஒருவர் சொன்னதை அன்று மாலைக்குள் சரி செய்து, மறுநாள் காலைக் கூட்டத்தில் "நேற்று சொன்னது இதோ" என்று காட்டுங்கள். பிறகு வரத் தொடங்கும். மாதம் இரண்டாக இருந்தது பத்தானால் மேலதிகாரி பயப்படலாம். சைட் மோசமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, ஆட்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

எங்கள் நோட்டில் முதலில் எழுதியவர் ஒரு சென்ட்ரிங் ஆள். "4வது மாடி, பாத்ரூம் பக்கம், பலகைக்குக் கீழே ஓட்டை." போய்ப் பார்த்தபோது அவரே பலகையின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து வைத்திருந்தார்.