ஊருக்குப் போகிறீர்களா? அம்மம்மாவின் பெட்டகத்துக்கும் சட்டம் உண்டு

யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோட்டை, மந்திரிமனை, கந்தரோடை என்று பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு போவார்கள். தொல்லியல் சட்டம் அந்த வேலிகளோடு முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அம்மம்மா வீட்டுப் பெட்டகத்துக்குள்ளும் அது வரும்.

இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன 1815 மார்ச் 2 தான் அதன் எல்லைக்கோடு. அதற்கு முந்தியது என்று நம்பக்கூடிய சிலை, நாணயம், நகை, ஆயுதம், எழுத்து எல்லாம் தொல்பொருள். ஒல்லாந்தர் 1795இலேயே யாழ்ப்பாணத்தை இழந்துவிட்டார்கள். அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளமான வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற செப்புக்காசு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதுவும் இதில் அடங்கும்.

பரம்பரைப் பொருளை வீட்டில் வைத்திருப்பது வேறு, நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது வேறு. தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் சூட்கேஸில் வைக்காதீர்கள். “தாத்தாவின்ர சாமான்” என்று விமான நிலையத்தில் சொல்லித் தப்ப முடியாது. ஏட்டுச்சுவடி என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது: ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கிற ‘நூலகம்’ நிறுவனம் சுவடிகளையும் மின்வடிவாக்கி வருகிறது, அவர்களோடு பேசுங்கள். ஏடு ஊரில் இருக்கட்டும், படம் உங்களோடு வரட்டும்.

அப்புறம், காணியில் கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். மண்ணுக்குள் இருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுடையது, அறிவிக்கவேண்டியது உங்கள் கடமை. கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, ஓர் எலும்புக்கூட்டோடு பிராமி என்ற பழங்கால எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. எந்தப் புதைகுழியில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்ததால்தான் நம் முன்னோரைப் பற்றி அதைவைத்து இவ்வளவு பேச முடிகிறது. இடம் கலைந்திருந்தால் அது வெறும் முத்திரை.

கோட்டைச் சுவரில் பிள்ளைகளின் பெயரைக் கீறவிடாதீர்கள். அது முருகைக்கல், அதாவது கடலில் கிடைக்கும் பவளப்பாறைக் கல், ஒரு திறப்பு நுனியே போதும், தூளாக உதிரும். போரில் நொறுங்கி, நெதர்லாந்தின் உதவியோடு திருத்திய சுவர் அது. ஒரு துண்டைக்கூட ஞாபகத்துக்கு என்று எடுக்கக்கூடாது.

வழிபாட்டுத் தலமும் தொல்லியல் இடமும் ஒன்றாக இருக்கிற குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை போன்ற இடங்களுக்குக் குடும்பத்தோடு போவதென்றால் அன்றைய நிலவரத்தை ஆலய நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெடுக்குநாறியில் 2024 சிவராத்திரியன்று வழிபடப் போன எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். சில நாட்களில் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நமக்கு அநீதியாகப் படுகிற விஷயம்தான், அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் விடுமுறைக்கு வந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளோடு பொலிஸ் நிலையத்தில் நிற்கவேண்டி வரக்கூடாது. வாகனம் பிடிப்பதற்கு முன்பே அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்துவிடுங்கள்.