'ஐ வான்ட் தட் யூ கம்': ஸ்பானிஷ்காரர்கள் வழுக்கும் இடம்

ஸ்பானிஷில் 'கியெரோ கே பெங்காஸ்' என்றால் 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்'. இதை ஆங்கிலத்துக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'ஐ வான்ட் தட் யூ கம்' என்று வரும். அது தவறு. ஸ்பானிஷில் 'கே' ('தட்' போன்ற இணைப்புச் சொல்) இல்லாமல் முடியாது. ஆங்கிலத்தில் 'வான்ட்' தன் பின்னால் 'தட்' வாக்கியத்தை ஏற்காது.

முதலில் 'கே'யை நீக்குங்கள். பிறகு வர வேண்டியவர் யார் என்று பாருங்கள். 'பெங்காஸ்' என்பதன் விகுதியிலேயே 'நீ' ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வெளியே எடுத்துச் சொல்லியாக வேண்டும், அதுவும் செயப்படுபொருளாக: 'நீ' என்றால் 'யூ'; 'அவன்' என்றால் 'ஹீ' அல்ல, 'ஹிம்'. கடைசியில் 'டு' சேர்த்து வெறும் வினை: 'ஐ வான்ட் யூ டு கம்', 'ஐ வான்ட் ஹிம் டு கம்'.

இறந்தகாலத்தில் 'வான்ட்' மட்டுமே 'வான்டட்' என்று மாறும். 'டு கேம்' என்று எழுதுவது 'பெங்காஸ்' என்பதன் இறந்தகால வடிவமான 'பினியெராஸ்' மனத்தில் ஓடுவதால்தான்.

'டெல்', 'ஆஸ்க்', 'நீட்' இதே வழி. உண்மையான சிக்கல் 'எஸ்பெரார்': எதிர்பார்ப்பது, நம்புவது இரண்டுக்கும் ஸ்பானிஷில் இந்த ஒரே வினைதான். எதிர்பார்ப்பு என்றால் 'ஐ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்'. நம்பிக்கை என்றால் 'ஐ ஹோப் ஹீ கம்ஸ்'. 'ஹோப் ஹிம் டு' கிடையாது. 'சஜஸ்ட்' என்ற வினையும் அப்படித்தான்: 'ஐ சஜஸ்ட் தட் யூ கோ' சரி, 'சஜஸ்ட் யூ டு கோ' தவறு.