கோப்பு இப்போது எங்கே இருக்கிறது? கிளவுட் ஒத்திசைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதந்தோறும் விற்பனை விவரம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் நடத்தும் சிறிய கணக்கு அலுவலகத்தில், ஒரு 10ஆம் தேதி மாலை, ஆம்பூர்த் தோல் வணிகர் ஒருவரின் விற்பனைப் பதிவேடு மூன்று உருவங்களில் எங்கள் முன் நின்றது. அலுவலகக் கணினியில் இருந்தது ஒன்று. என் மடிக்கணினியில், கோப்பின் பெயரோடு கணினியின் பெயரும் ஒட்டிக்கொண்டு கிடந்தது இன்னொன்று. வணிகரின் மகன் தன் கைபேசியில் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியது மூன்றாவது. மூன்றின் மொத்தத் தொகையும் வேறுவேறாக இருந்ததால், பில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிவரை வரி வரியாக ஒப்பிட வேண்டியதாயிற்று. எந்தக் கருவியும் பழுதாகியிருக்கவில்லை. கிளவுட் சேவை தன் விதிப்படியே நடந்திருந்தது. அந்த விதி எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

பலரும் கிளவுட்டை வீட்டுப் பரணைப் போல எண்ணுகிறார்கள்: ஏற்றி வைத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும், வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். உண்மையில் அது ஒரே பேரேட்டை நான்கு பேர் நான்கு ஊர்களிலிருந்து எழுதுவதற்கு ஒப்பானது. ஒருவர் ஒரு வரியை அடித்தால் நால்வரின் ஏட்டிலும் அந்த வரி அடிபடும். ஒத்திசைவு என்ற சொல்லின் பொருளே அதுதான். கைபேசியில் இடம் போதவில்லை என்று ஒத்திசைக்கப்படும் கோப்புறையிலிருந்து பழைய கோப்புகளை நீக்குகிறவர், கணினியில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் நீக்குகிறார். சில நிமிடங்களில் கணினியிலும் அவை இருப்பதில்லை. நீக்கியவை குப்பைத்தொட்டியில் சில காலம் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூகுள் டிரைவ் 2020 அக்டோபர் முதல் தன் குப்பைத்தொட்டியில் உள்ளவற்றை 30 நாளில் தானாகவே அழித்துவிடுகிறது. அதற்கு முன்பு நாமாகக் காலி செய்யும்வரை அவை அங்கேயே கிடந்ததால், அந்தப் பழைய பழக்கத்தை நம்பி இருந்தவர்கள் நிறையப் பேர் ஏமாந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்காக மட்டும் திறக்கும் கோப்பு காணாமற்போனது 30 நாளுக்குள் நம் கண்ணில் படுவது அரிது. ஆகவே ஒத்திசைவைக் காப்புநகலாகக் கொள்வது முதல் தவறு. காப்புநகல் என்பது ஒத்திசைவுக்குள் வராத தனி வன்தட்டில், மாதம் ஒருமுறையாவது எடுத்து, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றி வைப்பது. கழற்றாமல் விட்டால், கணினிக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ் அந்த வன்தட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒரே கோப்பு, இரண்டு கைகள்

மேலே சொன்ன ஆம்பூர்க் கதை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட குழப்பங்கள் இதே வழியில்தான் வருகின்றன. ஒவ்வொரு கருவியும் தான் கடைசியாகப் பெற்ற வடிவம் எது என்பதை நினைவில் வைத்திருக்கிறது. நாம் சேமித்ததும், அந்த வடிவத்தின் மேல் செய்த மாற்றம் என்று சொல்லி அதைச் சேவையகத்துக்கு, அதாவது கிளவுட் நிறுவனத்தின் கணினிக்கு, அனுப்புகிறது. இடையில் வேறொரு கருவி தன் மாற்றத்தை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் சேவையகம் யாருடையது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை; இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பெயரை மாற்றிவிடுகிறது. டிராப்பாக்ஸ் அதை முரண்பட்ட நகல் என்று குறித்துத் தேதியைச் சேர்க்கும். ஒன்டிரைவ் கணினியின் பெயரைச் சேர்க்கும். இந்த நகலைக் கண்டதும் குப்பை என்று நீக்கிவிடுவதே பெரும்பாலோர் செய்வது. அது குப்பையில்லை, யாரோ ஒருவரின் அரைநாள் உழைப்பு. இரண்டையும் திறந்து, கடைசியாகச் சேர்ந்த வரிகளை ஒப்பிட்டு, ஒன்றில் சேர்த்த பிறகுதான் மற்றதை நீக்க வேண்டும்.

அன்று நான் சென்னையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். வண்டி காட்பாடியை நெருங்கும்வரை சிக்னல் வருவதும் போவதுமாக இருந்த வேளையில் மடிக்கணினியில் அந்தப் பதிவேட்டைத் திறந்து ஆறேழு பில்களைச் சேர்த்தேன். அதே நேரத்தில் அலுவலகத்தில் இருந்த தம்பி, காலையில் திறந்த கோப்பை மூடாமலே வைத்திருந்து, மாலையில் அதில் திருத்தம் செய்து சேமித்திருக்கிறார். திறந்த கோப்பை நாள் முழுவதும் மூடாமல் வைத்திருப்பது நம் அலுவலகங்களில் இயல்பாகிவிட்ட ஒரு பழக்கம். மாற்ற வேண்டிய பழக்கமும் அதுதான். எழுந்து போகும்போது கோப்பை மூடுவதும், வந்து திறக்கும் முன் ஒத்திசைவு முடிந்ததற்கான பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதும் அரை நிமிட வேலை.

ஒரே நேரத்தில் இருவர் எழுதியே ஆக வேண்டிய கோப்பாக இருந்தால், அதற்கென்று அமைந்த வழியில்தான் எழுத வேண்டும். கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றில் கோப்பு சேவையகத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு கட்டத்தின் மாற்றமும் தனித்தனியே போய்ச் சேர்கிறது. முழுக் கோப்பு முழுக் கோப்போடு மோதுவதில்லை. எக்செல் கோப்பிலும் இது இயலும். ஆனால் அது ஒன்டிரைவிலிருந்து திறக்கப்பட்டு, தானாகச் சேமிக்கும் வசதியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு இந்த இரண்டு வகையிலும் சேராது. அனுப்பிய கணத்திலேயே அது தனிப் பிறவி. அதில் செய்யும் திருத்தம் மூலக்கோப்புக்கு ஒருநாளும் போய்ச் சேராது. கோப்பை அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள் என்று வணிகரின் மகனிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கோடையில் மின்சாரம் போனால் கணினி யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். இணைய மோடம் அந்த யு.பி.எஸ்ஸோடு இணைக்கப்பட்டிருக்காது. திரையில் வேலை தடையின்றி நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. சேமித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கைபேசியில் திறந்தால் காலையில் இருந்த கோப்புதான் இருக்கும். அந்தப் பழைய வடிவத்தின் மேல் இரவில் எதையேனும் எழுதிவிட்டால், மறுநாள் கணினியைப் போட்டதும் முரண்பட்ட நகல் பிறக்கும். வன்தட்டில் சேமிப்பது ஒரு செயல், கிளவுட்டுக்கு ஏற்றுவது இன்னொரு செயல். இரண்டுக்கும் நடுவில் மின்வாரியம் இருக்கிறது.

கணக்கு மென்பொருளின் தரவு

கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை அப்படியே ஒத்திசைவுக்குள் வைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்தத் தரவு பல கோப்புகளாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று சார்ந்து நிற்பது. ஒத்திசைவு மென்பொருளோ ஒவ்வொரு கோப்பையும் தனியாகவே ஏற்றி இறக்கும். பாதி புதியதும் பாதி பழையதுமாக இன்னொரு கணினியில் இறங்கினால், நிறுவனத்தின் கணக்கே திறக்காமற் போகலாம். மென்பொருளுக்குள் இருக்கும் காப்புநகல் வசதியால் ஒரே கோப்பாக எடுத்து, மென்பொருளை மூடிய பிறகு, அந்த ஒன்றை மட்டும் கிளவுட்டில் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கையில் இருப்பதில்லை

கணினியின் இடத்தைச் சேமிக்க, இன்றைய சேவைகள் பெயரை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தைச் சேவையகத்திலேயே வைத்திருக்கின்றன. ஒன்டிரைவில் நீல மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை. வெறும் பச்சைக் கோட்டுக் குறி இருந்தால் தற்போதைக்கு இருக்கிறது. பச்சை நிரம்பிய வட்டத்துக்குள் வெள்ளைக் குறி இருந்தால் எப்போதும் இருக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கூகுள் டிரைவின் கணினிச் செயலியிலும் முழுவதையும் இறக்கி வைக்கும் முறை, தேவைப்படும்போது மட்டும் இறக்கும் முறை என இரண்டு உண்டு. கைபேசியில் பெரும்பாலும் இரண்டாவது முறைதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, நம் முறை வந்தபின் பத்திர நகலைத் திறக்க முயன்று, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து நிற்பவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே. வெளியே கிளம்புவதற்கு முன் வேண்டிய கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்து, பின் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஆவணங்கள் கணினிக் கோப்புறையில் கோப்புகளைப் போலவே தோன்றினாலும், அங்கே இருப்பது இணைய முகவரியைச் சுமந்த ஒரு சிறு சீட்டு மட்டுமே. அதைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால் அச்செடுக்க எதுவும் இருக்காது. முதலில் பி.டி.எஃப் அல்லது வேர்டு கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

கைபேசியிலிருந்து ஏறுவதிலும் தடைகள் உண்டு. பேட்டரி சேமிப்பு, டேட்டா சேமிப்பு ஆகிய இரண்டும் பின்னணியில் நடக்கும் ஏற்றத்தை நிறுத்தி வைக்கும். வைஃபையில் மட்டும் ஏற்று என்ற அமைப்பு இயங்கினால், வெளியூரில் ஸ்கேன் செய்த ரசீதுகள் வீடு வந்து சேரும்வரை கைபேசிக்குள்ளேயே காத்திருக்கும். அவசரமான ஏற்றத்தின்போது செயலியைத் திறந்தே வைத்திருப்பதுதான் வழி.

தமிழில் பெயரிடும்போது

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வைக்கலாம், ஆனால் அளவு தெரிந்து வைக்க வேண்டும். வேலூர் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் அது ஆறு குறியீடு. கைபேசியின் கோப்பு முறைமையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிப்பதால் 18 பைட். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட், அதாவது ஏறத்தாழ 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோஸின் கணக்கு வேறு. அதே பெயரில் அது 255 குறியீடுவரை ஏற்கும். கணினியில் நன்றாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் கைபேசியில் இறங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். பில் எண்ணில் வரும் சாய்கோட்டையும், நேரத்தில் வரும் முக்காற்புள்ளியையும், கேள்விக்குறியையும் விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடுவது. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டப்பட்ட கொள்முதல் என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்பதைப் பார்த்து நாங்கள் வெகுநாள் திகைத்திருக்கிறோம். புதிதாகத் தட்டாமல், ஏற்கெனவே உள்ள பெயரை நகலெடுத்து ஒட்டுவது இதற்கு எளிய மருந்து.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பத்திர வரைவு கைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதைக் கிளவுட் கெடுத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கோப்பு பழுதின்றித்தான் வந்திருக்கிறது. அந்த எழுத்துரு கைபேசியில் இல்லை, அவ்வளவே. யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும்.

கோப்புறைகளை இடம் மாற்றும்போது

2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபோது, வாடிக்கையாளர்களின் கோப்புறைகளை மூன்றாகப் பிரித்து அடுக்கினோம். 1989இல் பிரிந்த வட ஆற்காட்டின் பெயரையே இன்னும் தாங்கி நின்ற ஒரு பழைய கோப்புறைக்கும் அன்றுதான் விடுதலை. ஆனால் அணைந்து கிடந்த ஒரு கணினியை மறந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து அதைத் திறந்தவர், ஒத்திசைவு முடியும் முன்பே பழைய கோப்புறைக்குள் இருந்த கோப்பு ஒன்றைத் திருத்த, பழைய கோப்புறை மீண்டும் முளைத்தது. பெரிய அளவில் இடம் மாற்றுவதானால் எல்லாக் கணினிகளும் ஒத்திசைந்த நிலையில், ஒரே கணினியிலிருந்து, யாரும் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமையில் செய்ய வேண்டும்.

யாருடைய கணக்கு, எவ்வளவு இடம்

கைபேசி வாங்கிய கடையிலேயே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கணினியில் பிள்ளை திறந்தது வேறொரு கணக்கு. இரண்டும் ஒத்திசையவில்லை என்று அழைப்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது கணக்கின் பெயரைத்தான். அடுத்துக் கேட்பது மீதமுள்ள இடத்தை. கூகுளின் இலவச 15 ஜி.பி. என்பது டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஒன்டிரைவிலும் ஐகிளவுட்டிலும் இலவச அளவு 5 ஜி.பி. மட்டுமே. திருமண வீடியோக்கள் இடத்தை நிரப்பிவிட்டால் புதிய கோப்பு ஏறுவது நிற்கும், மின்னஞ்சல் வருவதும் நிற்கும். கைபேசி ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு அமைதியாகிவிடும்.

பழைய கைபேசியைக் கொடுத்துப் புதியது வாங்கும் நாளில் இந்தத் தவறுகளெல்லாம் ஒன்றுகூடும். பழையதை அழிப்பதற்கு முன், கணினியின் உலாவியில் அதே கணக்கில் நுழைந்து, கைபேசியில் கடைசியாகச் சேமித்த கோப்பு அங்கே வந்திருக்கிறதா என்று பெயரும் நேரமும் பார்த்து, திறந்து, கடைசி வரிவரை படித்துவிட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள்.