லாங்வுட் சோலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லாங்வுட் சோலை, நீலகிரியில் கோத்தகிரியை ஒட்டிய மலைக்காடு. பறவை பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை வனத்துறை அனுமதி. இது காப்புக்காடு. முந்தின நாளே கேட்டு வைத்தால் விடியற்காலை வீணாகாது.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். பத்து மடங்கு வாங்காதீர்கள். சோலைக்குள் பகலிலும் அரையிருட்டு, கை லேசாக ஆடினாலும் பறவை தொலைந்துவிடும்.

மழை மாதங்களில் அட்டை ஏறும். முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் போடுங்கள். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வேண்டாம். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து மெல்ல நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படாதீர்கள்.

உள்ளே போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நிற்பது. நான் இரண்டு முறை கோட்டைவிட்டது இங்கேதான். பாதை முழுவதையும் நடந்து முடிக்கும் அவசரத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை முழங்கால் வலித்ததால் ஒரு மரத்தடியில் நின்றேன். பத்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் இடுப்பளவுப் புதருக்குள்ளிருந்து கெக்கெக்கெக் என்று ஒரு சிரிப்பு. பின்னாலேயே இன்னும் நான்கைந்து. நீலகிரி சிரிப்பான்! வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. ஒன்று அலகில் பழத்தோடு என்னைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கியது. நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் இதை வேறெங்கும் பார்க்க முடியாது. அதனால் ஒரே இடத்தில் இருபது நிமிடமாவது நில்லுங்கள். மேலே கிளை குலுங்கினால் மலையணிலாக இருக்கலாம்.

காட்டுமாடு எதிர்ப்பட்டால் படம் எடுக்க நெருங்காமல், முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகருங்கள். கன்றோடு இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவதே சரி.

116 ஹெக்டேர்தான் இந்தச் சோலை. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். காட்டுக்கு எதற்கு ஈரநிலப் பெயர் என்று கேட்பவர்கள் சருகு மேல் கால் வைத்துப் பார்க்கட்டும், பஞ்சு மாதிரி அமுங்கும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும் மண் அது. சுற்றியுள்ள பல ஊர்களுக்கு அதுதான் குடிநீர். தயவுசெய்து ஓடையில் சோப்புப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் காரில் கிளம்பிய ஒருவர் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டார். நீலகிரிக்குள் வரும் வெளியூர்க் காருக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) வேண்டும், வீட்டிலேயே பதிந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறினால் அந்த வேலையே இல்லை, நான் எப்போதும் அப்படித்தான் போகிறேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.