லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது? பைக் மைலேஜை நீங்களே சரியாக அளப்பது எப்படி

வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் "அறுபது கொடுக்குதுங்க" என்று பட்டென்று பதில் வரும். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், நூறு ரூபாய்க்குப் போட்டேன், ரிசர்வ் வருகிற வரைக்கும் ஓட்டினேன் என்பார்கள். அந்தக் கணக்கை நம்பி நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். என்னுடைய பழைய ஸ்ப்ளெண்டர் 42தான் கொடுக்கிறது என்று முடிவு கட்டி ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றி, அதில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை மாற்றினார், ஆயிரத்து சொச்சம் ரூபாய் போனது, அதோடு பிக்கப்பும் போனது, மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வண்டி திணறியது. பழைய ஜெட்டையே திரும்ப மாட்டி, கீழே சொல்லும் முறையில் அளந்தபோது 58 வந்தது. வண்டியில் குறையே இருக்கவில்லை, தப்பாக இருந்தது என் அளவுதான்.

அதனால் மைலேஜ் குறைகிறது என்று தோன்றினால் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் ஒழுங்காக அளந்து பாருங்கள். தேவையானது ஒரு சின்ன நோட்டு அல்லது மொபைல், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

முதலில் டயருக்குக் காற்று. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பல வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு வேறு அளவு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடாகும் முன் பிடித்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

அடுத்தது டேங்கை நிரப்புவது. மொத்தக் கணக்கும் தப்புவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பங்க்கில் தரை மட்டமாக இருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், நிறைந்த மாதிரி தெரியும், நிமிர்த்தினால் மட்டம் இறங்கிவிடும். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். வாய்க்குக் கீழே ஒரு தகட்டு விளிம்பு இறங்கியிருக்கும், அதன் அடி விளிம்பைப் பெட்ரோல் தொடும் இடம்தான் உங்கள் அடையாளம். பங்க்கில் வேகமாக அடிக்கும்போது நுரை கட்டும், விளிம்பு வரை வந்துவிட்டது போலத் தெரியும், நான்கைந்து விநாடியில் நுரை அடங்கினால் மட்டம் ஒரு விரல்கடை கீழே போயிருக்கும். அதனால் "அண்ணே, கடைசியில மெதுவா ஊத்துங்க, ஃபுல் டேங்க் கணக்கு பார்க்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து, இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி, விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அரை நிமிஷ வேலைதான், பதற வேண்டாம். அதே சமயம் விளிம்புக்கு மேலே கழுத்து வரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும், இல்லையென்றால் வழிந்துவிடும்.

இப்போது ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். ட்ரிப் மீட்டர் இல்லாத வண்டி என்றால் ஓடோமீட்டர் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் தடவை எத்தனை லிட்டர் பிடித்தது என்பது கணக்கிலேயே வராது.

அப்புறம் வழக்கமாக ஓட்டுவது போலவே ஓட்டுங்கள். அளக்கிறோமே என்று நாற்பதிலேயே உருட்டினால் வருகிற எண் உங்கள் மைலேஜ் ஆகாது. குறைந்தது 4 லிட்டர் தீரும் வரை ஓட வேண்டும், 100 சிசி வண்டிக்கு இது 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். எனக்குத் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் போய் வருகிற வேலை, ஆறு நாளில் அந்தத் தூரம் ஓடிவிடும்.

ஏன் 4 லிட்டர்? நுரை, சாய்வு, கண் மதிப்பு எல்லாம் சேர்ந்து எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் 100 மில்லி முன்னே பின்னே ஆகலாம். நீங்கள் 1 லிட்டர் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 100 மில்லி 10 சதவீதம், 60 கொடுக்கும் வண்டி 54 என்றோ 66 என்றோ காட்டும். 4 லிட்டர் வைத்துப் போட்டால் அதே பிசகு இரண்டரை சதவீதம்தான். ரிசர்வ் வரை ஓட்டும் முறை இன்னும் மோசம், பிரேக் பிடிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் டேங்குக்குள் பெட்ரோல் அலைவதால் ரிசர்வ் எப்போதும் ஒரே மட்டத்தில் விழுவதில்லை.

சரி, தூரம் ஓடியாயிற்று. அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே சென்டர் ஸ்டாண்ட், அதே விளிம்பு வரை நிரப்புங்கள். "ஜீரோ பாருங்க" என்று அவர்கள் சொல்லும்போது நிஜமாகவே பாருங்கள். குறித்துக்கொள்ள வேண்டியது லிட்டர், ரூபாய் அல்ல. ஓடிய கிலோமீட்டரை இந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

என் நோட்டில் அடுத்தடுத்து மூன்று தடவை இப்படி இருக்கிறது:

268 கி.மீ., 4.62 லிட்டர், 58
241 கி.மீ., 4.38 லிட்டர், 55
287 கி.மீ., 4.70 லிட்டர், 61

ஒரே ஆள், ஒரே ரோடு, ஒரே வண்டி, ஆனாலும் 55க்கும் 61க்கும் நடுவே ஆடுகிறது. 55ஐ மட்டும் பார்த்தவர் மெக்கானிக்கிடம் ஓடுவார், 61ஐ மட்டும் பார்த்தவர் ஊரெல்லாம் சொல்வார். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: மொத்தம் 796 கி.மீ., 13.70 லிட்டர், 58.1. ஒரு தடவை 50 மில்லி குறைவாக நிரப்பியிருந்தால் அடுத்த தடவை அது அதிகமாகப் பிடித்து ஈடுகட்டிவிடும். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதுதான் முறை. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 74 காசு ஆகிறது.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு, மீட்டர் காட்டும் தூரம் உண்மையா என்பது. நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஆரம்பித்து நேராக 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல் வரை ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 20.6 காட்டினால் அது கூடுதலாக ஓடுகிறது, உங்கள் 58.1 உண்மையில் 56.4தான். டயர் தேய்ந்திருந்தாலும், வேறு அளவு டயர் மாட்டியிருந்தாலும் இந்த வித்தியாசம் வரும். இதை ஒரே ஒரு தடவை பார்த்து வைத்தால் போதும்.

புது வண்டிகளில் டிஸ்ப்ளேயிலேயே மைலேஜ் வருகிறதே என்று கேட்பீர்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்து அது போடுகிற மதிப்பீடு. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், ஆனால் டேங்க் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படியே நம்ப வேண்டாம். மெக்கானிக்குகள் டேங்குக்குப் பதிலாக 100 மில்லி பாட்டில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, அதில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு அனுப்புகிறது, பாட்டில் வேலைக்கு ஆகாது.

வந்த எண் நல்லதா கெட்டதா என்று எப்படி முடிவு செய்வது? கம்பெனி சொல்லும் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் உருளை மேல், சிக்னலும் எதிர்க்காற்றும் இல்லாமல் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியோடும் வேண்டாம், அவர் எடை வேறு, ரோடு வேறு. உங்கள் வண்டியின் பழைய எண்தான் அளவுகோல். மூன்று தடவைக் கணக்கில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மட்டும் காரணம் தேடுங்கள். அப்போதும் பெட்ரோலை மறக்காதீர்கள். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் கணக்குப்படி 6 முதல் 7 சதவீதம் சக்தி குறைகிறது, ஓட்டும்போது எவ்வளவு தெரியும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கலப்பில்லாத காலத்து எண்ணோடு இன்றைய எண்ணை அப்படியே ஒப்பிட்டால் வண்டி மேல் அநியாயமாகப் பழி போடுவோம்.

இதையும் சொல்லியாக வேண்டும். 60ஐ 70 ஆக்க ரொம்பப் பாடுபடுகிறவர்களைப் பார்க்கிறேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் அதில் மிச்சமாவது 2.4 லிட்டர்தான். 40 கொடுக்கும் வண்டி 50 ஆனால் 5 லிட்டர் மிச்சம். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் குறைவாகக் கொடுக்கும் வண்டியை முதலில் கவனியுங்கள்.

காரணம் தேடும்போது செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பின் சக்கரத்தின் பிரேக் டிரம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறிய பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும், சர் சர் என்று உரசி உடனே நின்றால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், அல்லது செயின் காய்ந்தோ இறுகியோ இருக்கிறது. அடுத்து ஏர் ஃபில்டர், ப்ளக். ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகரவில்லையென்றால் கிளட்ச் பிளேட். ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று தடவை நிரப்பி அளந்தால்தான் எதனால் மாறியது என்று தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பங்க்கில் போடும்போது மட்டும் எண் இறங்குகிறது என்றால் அங்கே ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எடையளவுத் துறை முத்திரையிட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி, அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.